இரண்டு பேருக்கான கரி

புவாந்தாபீத்ர், குவாதலூப்
16 நவம்பர் 2003

அன்புள்ள அக்கா,

இதை அல்போன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். தபாலில் போட்டால் பிரிக்காமலேயே அடுப்பில் போட்டுவிடுவாய். அவர் கையில் கொடுத்தால், மறுநாள் நம் வீட்டு வாசலில் பேருந்தை நிறுத்தி, "படிச்சியா இல்லியா?" என்று ஹாரன் அடிப்பார். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தாவது பிரிப்பாய்.

நேற்று பேருந்து நிலையத்தில் அவர்தான் சொன்னார். "உங்க அக்கா முழுகாம இருக்கா. மூணு மாசமாம். உனக்குத் தெரியாதா?" சுற்றிலும் ஆட்கள். தெரியும் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கல்லறைத் திருநாளன்று நாம் இருவரும் அப்பாவின் சமாதிக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தபோதே உனக்குத் தெரிந்திருக்கும். மெழுகுவர்த்திகூட ஏற்றவில்லை. அதற்குள் எல்லார் முன்னாலும், "இனிமே ஃபோன்-கக்காவோ பக்கம் கால் வெக்காத" என்றாய்.  எனக்குப் பதில் சொல்ல எப்போதுமே இரண்டு நாள் ஆகும். இந்த முறை இரண்டு வாரம் ஆகிவிட்டது.

உன்னிடம் கேட்காமல் ஊற்றுத் தண்ணீரை ஆய்வகத்துக்கு எடுத்துப்போனது உண்மை. கூடப் படிப்பவர்கள் அவரவர் ஊர்த் தண்ணீரைக் கொண்டுவந்தார்கள். நான் நம்முடையதைக் கொண்டுபோனேன். நம் ஊற்று சுத்தமாக இருக்கும், அதைப் பக்கத்தில் வைத்து மற்றதை ஒப்பிடலாம் என்று நினைத்துத்தான் எடுத்தேன். இயந்திரம் வேறு சொன்னது. பேராசிரியர் நகராட்சிக்கு எழுதினார். அவர்கள் ஊற்றருகே 'குடிக்கக் கூடாது' என்று பலகை வைத்தார்கள்.

ஊற்றில் கலந்திருப்பது, அப்பா குவளையால் அள்ளி ஒவ்வொரு வாழையின் அடியிலும் வைப்பாரே, கிழங்கைத் துளைக்கும் வண்டுக்காக, அந்த வெள்ளைப் பொடிதான். குளோர்டெகோன் என்று பெயர். அதைப் போடுவதை நிறுத்திப் பத்து வருடம் ஆகிவிட்டது. மனிதர்கள் நிறுத்திவிட்டார்கள், மண் நிறுத்தவில்லை. ஒவ்வொரு மழைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

அது வயிற்றுவலி தருகிற விஷம் அல்ல. அப்படி இருந்தால் ஊரே எப்போதோ கண்டுபிடித்திருக்கும். நம் உடம்பில் ஓர் உறுப்பு இன்னோர் உறுப்புக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கிறது. வளர், நிறுத்து, இப்போது இதைச் செய் என்று. அந்தச் சேதிகளைத்தான் ஹார்மோன் என்கிறோம். இது உள்ளே போய் அந்தச் சேதியைப் போல நடிக்கிறது. உன் கையெழுத்தில் வேறு யாரோ எனக்குக் கடிதம் போடுவதுபோல. பெரியவர்கள் உடம்பு ஓரளவு சமாளிக்கும். வயிற்றில் இருக்கும் பிள்ளை அந்தச் சேதிகளைக் கேட்டுத்தான் உருவாகிறது.

போன பிள்ளை ஏன் தங்கவில்லை என்று எனக்குத் தெரியாது. இதனால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை ஊற்றுத் தண்ணீரைக் குடிக்காதே, அக்கா. என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

முரியேல்


ஃபோன்-கக்காவோ
24 நவம்பர்

முரியேல்,

படிச்சேன். அல்போன் மூணு தடவ ஹாரன் அடிச்சான்.

எனக்கு உன்ன மாதிரி எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன்.

குடிக்காதன்னு எழுதிட்டே. குழாய்ல தண்ணி வாரத்துல ரெண்டு நாளு வருது. வந்தா சேறு, போனா காத்து. மத்த நாளு என்ன குடிக்கிறது, உன் கடுதாசியவா? அப்பா அந்த ஊத்துலதான் குடிச்சாரு. அவரோட அப்பாவும் அங்கதான். உன்னப் பெத்தப்போ அம்மாவுக்கு முதல் வாய் தண்ணி அங்கிருந்து நான்தான் சுமந்துட்டு வந்தேன்.

பலக வந்த மறுநாள் நான் சந்தைக்குப் போனேன். வழக்கமா வாங்குற பொம்பள சேப்பங்கெழங்க கையில எடுத்தா. மோந்து பாத்தா. "எந்த ஊரு கெழங்கு?"ன்னா. பத்து வருஷமா அவளுக்கு நான்தான் குடுக்கிறேன், எந்த ஊருன்னு தெரியாதாம்! கீழ வெச்சிட்டுப் போயிட்டா. சாயங்காலம் முழுக் கூடையையும் தலையில தூக்கிட்டு வந்தேன், வயித்துல புள்ளையோட.

ஊத்துக்கிட்ட கல்லுல உக்காந்து பேசுற கூட்டம் இப்ப உன்னப் பத்திதான் பேசுது. தித்தின் பெரியம்மா சொல்லுது: "அந்தப் பொண்ணு சின்னதுல யாரு முகத்தையும் பாக்காது, தரையப் பாத்துகிட்டே போகும். என்னத்ததான் பாக்குதுன்னு நெனைப்பேன். இப்பல்ல தெரியுது, நம்ம தண்ணியப் பாத்திருக்கு!" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

நம்ம வம்சத்துலேயே அந்தக் காலேஜு கேட்டத் தாண்டுன முதல் ஆளு நீ. உள்ள போயி எங்களையே காட்டிக் குடுத்திட்ட. சொல்றதுன்னா முதல்ல என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும். பலகைய வெச்சு நான் தெரிஞ்சிக்கக் கூடாது. எனக்கு அதுதான்.

அப்பா செத்ததும் அந்தப் பொடியாலதானா? உன் சீசா அதையும் சொல்லுதா?

கெத்தி

கொதிக்க வெச்சா போயிடுமா?


புவாந்தாபீத்ர்
1 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

போகாது. கொதித்தால் தண்ணீர் குறையும், விஷம் அப்படியே இருக்கும்.

அப்பாவைப் பற்றி என் சீசா எதுவும் சொல்லாது. எனக்கும் தெரியாது. தெரியாததைத் தெரியும் என்று சொன்னால் நான் இங்கே படிப்பதற்கு அர்த்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கைகழுவும்போதும் அவர் நகக்கண்ணில் இருந்த வெள்ளை நினைவுக்கு வருகிறது.

முதலில் உன்னிடம் வந்திருக்க வேண்டும் என்கிறாய். ஆமாம். எனக்குப் பயமாக இருந்தது. ஒரு தாளை வேறொருவரிடம் நீட்டுவது எனக்கு எளிது. உன் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் கடினம்.

அல்போன் அண்ணன் ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து தருவார். அடியில் சிறு குழாய் இருக்கும். அதற்குள் மணல், மணலுக்குமேல் கரி. அந்தக் கரி நான் செய்தது. சாராய ஆலையிலிருந்து கரும்புச் சக்கையை வாங்கி, காற்றுப் படாமல் சுட்டு, பிறகு உலையில் நீராவி செலுத்தினால் கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் திறக்கும். ஒரு கரண்டிக் கரியில் உள்ள துளைகளின் சுவரை எல்லாம் விரித்துப் போட்டால் பந்து விளையாடும் மைதானம் அளவுக்கு வரும். தண்ணீர் அதன் வழியே இறங்கும்போது விஷம் அந்தச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் மட்டும் வெளியே வரும். இதைத்தான் நான் இரண்டு வருடமாகப் படிக்கிறேன். நம் ஊரில் கிடைக்கிற சக்கையால் முடியுமா என்பதுதான் என் ஆய்வே.

ஒன்றை மட்டும் மனதில் வை. அல்போன் அண்ணனின் பேருந்து மாதிரிதான் இது. இருக்கை காலியாக இருக்கும்வரை நிறுத்தி ஏற்றிக்கொள்வார். நிரம்பிவிட்டால் கையைக் காட்டினாலும் நிற்காமல் போய்விடுவார். கரியும் நிரம்பும். நிரம்பியபின் விஷம் ஏற இடமில்லாமல் தண்ணீரோடு கீழே வந்துவிடும். நிறமோ வாசனையோ மாறாது, வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உனக்கும் ஃபிர்மேன் அத்தானுக்கும் குடிக்க, சமைக்க என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஏப்ரல் கடைசிவரை தாராளமாகத் தாங்கும். அதற்குமுன் புதுக்கரி அனுப்புவேன். பழையதைத் தோட்டத்தில் கொட்டாதே. பையில் கட்டி எனக்கே திருப்பி அனுப்பு.

ஜனவரியில் வடிகட்டிய தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்து அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

முரியேல்


ஃபோன்-கக்காவோ
28 டிசம்பர்

முரியேல்,

வாளி வந்துது. ஃபிர்மேன் பாத்துட்டு, "உன் தங்கச்சி நமக்குப் பெயின்ட் டப்பா அனுப்பியிருக்கா"ன்னாரு. முதல் தண்ணி கறுப்பா வந்துச்சு. "பாரு, ஊத்துல விஷம்னா, இதுல தாரு"ன்னாரு. கழுவக் கழுவத் தெளிஞ்சிது. குடிச்சுப் பாத்தாரு. மறுபடியும் டம்ளர நீட்டினாரு. அவரு அப்படித்தான் மன்னிப்பு கேப்பாரு, உனக்குத் தெரியுமே.

பன்னெண்டாந் தேதி நம்ம வீட்ல கிறிஸ்துமஸ் பாட்டு. அப்பா போனதுக்கப்புறம் முதல் தடவ. வேணாம்னுதான் இருந்தேன். ஊர்க்காரங்க அவங்களா டமாரத்தத் தூக்கிட்டு வந்துட்டாங்க. துவரம்பயறு வேக வெச்சேன், பன்னி தொடக்கறி, அக்ரா மீன்வட சுட்டேன். தித்தின் பெரியம்மா பாட்டுப் புத்தகத்தத் தலகீழா வெச்சிகிட்டே ஒரு வரி விடாம பாடுது. நீ இருந்தா மூலையில உக்காந்து பயறு உரிச்சுகிட்டு இருப்பே.

பாட்டுக்கு நடுவுல புள்ள அசஞ்சுது. முதல் தடவ. யாருகிட்டயும் சொல்லல. உனக்குத்தான் எழுதறேன்.

வாளி நல்லா ஓடுது. ஓயறதே இல்ல.

புது வருஷத்துக்குத் துரதிர்ஷ்டம் கழுவ ஆத்து முகத்துவாரத்துல குளிக்கப் போறோம். அந்தத் தண்ணிலயும் இருக்குமா? இருந்தா சொல்லாத. ஒரு நாளாவது சும்மா குளிச்சிட்டு வரேன்.

கெத்தி


புவாந்தாபீத்ர்
19 ஜனவரி 2004

அக்கா,

இந்தக் கடிதம் கைக்கு வந்தவுடன் அந்த வாளித் தண்ணீரை நிறுத்திவிடு. அல்போன் அண்ணனிடம் கடைத் தண்ணீர் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதை மட்டும் குடி, அதிலேயே சமை. ஒவ்வொரு வாரமும் அனுப்புகிறேன். தயவுசெய்து யாருக்கும் கொடுக்காதே.

நீ அனுப்பிய சீசாவை மூன்று முறை சோதித்தேன். ஊற்றுத் தண்ணீருக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை. கரி எதையும் பிடிக்கவில்லை.

என்ன தவறு நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சம் வைத்திருந்த அதே கரியை எடுத்து இங்கே குழாயில் அடைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். இங்கே பிடிக்கிறது. நம் மண்ணின் சேறு துளைகளை அடைத்துவிட்டதா? உலை அன்று சரியாகச் சூடாகவில்லையா? பேராசிரியர் என் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, "ஆய்வகத்தில் வேலை செய்வது வீட்டில் வேலை செய்யும் என்று நீங்களாகவே முடிவு செய்துவிட்டீர்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். இந்தச் சக்கைக் கரியை விட்டுவிட்டு வேறு பொருளில் ஆய்வைத் தொடங்கலாமா என்று கேட்கிறார்.

ஆய்வு போனால் போகட்டும். நீ என்னை நம்பிக் குடித்தாய். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நான் அந்த வாளியை அனுப்பாமல் இருந்திருந்தால் பயந்துகொண்டாவது வேறு வழி பார்த்திருப்பாய்.

முரியேல்


ஃபோன்-கக்காவோ
25 ஜனவரி

முரியேல்,

உன் கரி மேல தப்பில்ல. ஆய்வ விட்டுடாத.

எப்படி எழுதறதுன்னு தெரியாம மூணு நாளா இந்தத் தாள வெச்சிகிட்டு உக்காந்திருக்கேன்.

வாளி வந்த ரெண்டாவது நாளு, விளக்கு வெக்கிற நேரம். தித்தின் பெரியம்மா பின்வாசல்ல நிக்குது. சால்வைக்குள்ள ஒரு காலி ரம் பாட்டில்.

"என்ன பெரியம்மா?"

"கோழிக்குக் கொஞ்சம் தண்ணி குடு."

"கோழிக்கு வடிகட்டின தண்ணியா?"

"அட காக்குது."

"ஊத்துல ஒண்ணுமில்ல, முரியேல் பொய் சொல்றான்னு சொன்னது யாரு?"

"நான்தான் சொன்னேன். கோழி கேக்க மாட்டேங்குதே, என்ன பண்ண?"

ஊத்திக் குடுத்தேன். மறுநாள் ரெண்டு பாட்டில். அடுத்த நாள் ரெட்டப் புள்ளக்காரி வந்தா, பால்மாவு கலக்க. அப்புறம் மேட்டு வீட்டுக்காரரு, மாத்திர விழுங்கணுமாம். பலகையப் பேத்து எறிவேன்னு குதிச்சாரே, அதே ஆளு. ஒருத்தருக்கொருத்தர் தெரியக்கூடாதுன்னு தனித்தனியா வருவாங்க. வேலி ஓரமா ஒரு ஆளு வெளியேறினா அடுத்த ஆளு உள்ள நுழைவாரு. பகல்ல ஊத்துக்கிட்ட உக்காந்து உன்னத் திட்டறது, பொழுது சாஞ்சா பாட்டிலத் தூக்கிட்டு வர்றது. ஃபிர்மேன் விடியறதுக்குள்ள எழுந்து ஊத்துலேருந்து மொண்டு மொண்டு வாளில ஊத்துவாரு. கிறிஸ்துமஸ் பாட்டு அன்னைக்கு அத்தன பேரு குடிச்சதும், பயறு வெந்ததும் அந்தத் தண்ணிதான்.

பேருந்து நெறஞ்சிடும்னு நீ எழுதியிருந்த. படிச்சேன். ஆனா தெளிவாதான வருது, நல்லாதான இருக்குன்னு விட்டுட்டேன். நெறஞ்சது வெளிய தெரியாதுன்னு நீ எழுதினதையும் படிச்சேன். படிச்சதும் செஞ்சதும் வேறயாப் போச்சு.

தண்ணி கேட்டு வந்தவங்கள நான் எப்படி அனுப்பறது, சொல்லு. வயித்துல புள்ளைய வெச்சிகிட்டு? நம்ம வீட்ல யாரு அப்படிச் செஞ்சிருக்கா? உன்கிட்ட ஏன் சொல்லலன்னா, உன்னத் திட்டின வாயிக்கெல்லாம் உன் தண்ணிய ஊத்தறேனேன்னு வெக்கமா இருந்துச்சு. அப்புறம் கொஞ்சம் பெருமையாவும் இருந்துச்சு. அதையும் சொல்லத் தெரியல.

கடைத் தண்ணிதான் இப்ப குடிக்கிறேன். யாருக்கும் குடுக்கல. பெரியம்மா வந்துச்சு, கதவத் திறக்காம உள்ளேயே உக்காந்திருந்தேன். வாழ்க்கைல முதல் தடவ.

நான் எத்தன நாளு அதக் குடிச்சிருப்பேன்? புள்ளைக்கு எவ்வளவு போயிருக்கும்? மழுப்பாமச் சொல்லு.

கெத்தி


புவாந்தாபீத்ர்
29 ஜனவரி

அக்கா,

எனக்கு எழுத்தில்தான் கோபம் வரும். அதனால் எழுதிவிடுகிறேன். ஒரு வரி எனக்கு எழுதியிருக்கக் கூடாதா? "ஊரே குடிக்கிறது" என்று இரண்டு சொல். அடுத்த பேருந்திலேயே புதுக்கரி வந்திருக்கும். ஊருக்கு முன்னால் வெட்கம், என்னிடம் வெட்கம், இரண்டுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை.

இதை எழுதிவிட்டுக் கிழிக்கப் பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில். நீ சொன்ன ஆட்களை வைத்துக் கணக்குப் பார்த்தால், பாட்டு நடந்த வாரத்தை ஒட்டிக் கரி நிரம்பியிருக்கும். அதன்பிறகு ஒரு மாதம் போல நீ குடித்தது ஊற்றுத் தண்ணீர்தான். பிள்ளைக்குப் போயிருக்கும். அதனால் ஏதாவது ஆகும் என்று சொல்ல எனக்குத் தெரியாது. ஒன்றும் ஆகாது என்றும் என்னால் சொல்ல முடியாது. மழுப்பாமல் சொல்வதென்றால் இவ்வளவுதான்.

ஆனால் இது நிச்சயமாகத் தெரியும். உள்ளே போவது நின்றுவிட்டால், உடம்பு அதை மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடும். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் தள்ளும். மண்ணால் அது முடியாது. உடம்பால் முடியும். இனிமேல் போகாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

இன்னொன்று. இரண்டு நாளாக என் கணக்கைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கணக்கில் பிழை இல்லை. கணக்குப் போட்ட ஆள்தான் பிழை. ஃபோன்-கக்காவோவில் பிறந்து வளர்ந்தவள், அங்கே ஒரு வீட்டுக்கு மட்டும் தண்ணீர் இருக்க முடியும் என்று நினைத்திருக்கிறேன். இரண்டு பேருக்கான கரி! இங்கே வந்து எதை மறந்திருக்கிறேன் பார். சமையலறையில் நீ எனக்கு ஊற்றிக் கொடுத்த தண்ணீரில் பாதியை யாராவது வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், நான் அழுவேன். அதைக்கூட மறந்துவிட்டேன்.

பேராசிரியரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இயந்திர அறைக்கு வெளியே, எழுதி வைத்ததை மனப்பாடம் செய்துகொண்டு போய்ச் சொன்னேன். அவர் வெகுநேரம் சிரித்தார். கோழிக் கதைக்குத்தான். பிறகு, "அப்படியானால் உங்கள் கரி வேலை செய்திருக்கிறது. ஒரு ஊருக்கே வேலை செய்திருக்கிறது, அது செத்துப்போகும்வரை" என்றார். ஆய்வைத் தொடரச் சொல்லிவிட்டார்.

பெரிதாகச் செய்யலாம். இரண்டு டிரம். முதலாவதில் வடிந்த தண்ணீர் இரண்டாவதுக்குள் போகும். நடுவில் ஒரு குழாய். மாதம் இருமுறை அந்த நடுக்குழாயில் பிடித்த சீசாவை எனக்கு அனுப்பினால், முதல் டிரம் நிரம்பும்போதே தெரிந்துவிடும். இரண்டாவது காவல் நிற்கும். அப்போது யாருக்கும் கதவைச் சாத்த வேண்டாம். கரி நிறைய வேண்டும். அடுத்த மாதம் கரும்பு வெட்டு தொடங்குகிறது. அத்தான் ஆலையிலிருந்து சக்கை ஏற்றிவந்து, மூடிய டிரம்மில் சுட்டு அனுப்பினால், நான் இங்கே உலையில் வைத்துத் துளைகளைத் திறப்பேன். உலை சிறியது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடியும்.

ஊராரிடம் நீயே சொல். நான் வந்து நின்றால் வேலை கெட்டுவிடும்.

முரியேல்


ஃபோன்-கக்காவோ
14 மார்ச்

முரியேல்,

 சரியாத்தான் திட்டியிருக்க. அந்தத் தாள பைபிளுக்குள்ள வெச்சிருக்கேன். முதல் தடவ என்கிட்ட சத்தம் போட்டிருக்கே.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழம பூச முடிஞ்சதும் ஊத்துக்கிட்ட நின்னு நான் பேசினேன். "யாரு யாரு பின்வாசலுக்கு வந்தீங்களோ, கையத் தூக்குங்க"ன்னேன். யாரும் தூக்கல. எல்லாரும் ஆகாசத்தப் பாக்கறாங்க. நான் விடல. "சரி, யாரோட கோழி வந்துச்சோ அவங்க கையத் தூக்குங்க"ன்னேன். பெரியம்மாவுக்கே சிரிப்பு வந்திடுச்சு. தூக்கிடுச்சு. அப்புறம் ஒவ்வொண்ணாத் தூக்கறாங்க. பாத்தா மொத்த ஊரும்! இவ்வளவு பேருன்னு அவங்களுக்கே தெரியல.

அப்புறம் நீ எழுதினதப் படிச்சுக் காட்டினேன். என் வயித்துல இருக்கறதுக்கும் போயிருக்கும்ங்கிற இடத்துல தாள மடிச்சிட்டேன்.  ரெட்டப் புள்ளக்காரி எழுந்து வந்து என் பக்கத்துல நின்னுகிட்டா. அவளும் அதத்தான கலக்கிக் குடுத்தா.

மறு சனிக்கிழம எல்லாரும் கூடிச் செஞ்சோம். ஃபிர்மேன் சக்கை சுடறாரு, ஊரே புகை. மேட்டு வீட்டுக்காரரு டிரம்முக்கு மேட போட்டாரு. நீ துளை திறந்து திருப்பி அனுப்பின கரிய இந்த வாரம் டிரம்முல ரொப்பிட்டோம். பலகைய எறியறேன்னவரு அதே பலகைய நிமித்தி, கம்பத்துக்கு சிமென்ட் வெச்சுட்டாரு. ஊத்தப் பாத்து ஒரு பலக, பத்தடி தள்ளி நம்ம டிரம். கொழம்பு வெச்சோம். சேப்பங்கெழங்கு போடல. கீழ்ப்பக்கத்து மண்ணுல வெளஞ்சத நான் புடுங்கிட்டேன். புள்ள பொறந்தப்புறம் மேல்பக்கம் அப்பா வாழ கம்மியாப் போட்ட எடத்துல ஏதாவது நட்டுப் பாப்பேன். அதையும் நீதான் பாத்துச் சொல்லணும்.

பழைய கரிய பையில கட்டி வெச்சிருக்கேன். பெரியம்மா அவரக்கொடிக்குக் கேட்டுச்சு. குடுக்கல. அந்த விஷத்த வாங்கி நீ என்னதான் பண்ணுவே?

ஒண்ணு சொல்லணும். எல்லாரும் கேக்கறாங்க: "முரியேல் எங்க? செஞ்சது அவ, நாங்க மூஞ்சியப் பாக்க வேணாமா?" பெரியம்மா மட்டும், "அது வராது. வந்தாலும் கீழ ஸ்டாப்புல எறங்கி, வாழத்தோட்டத்துக்குள்ள பூந்து வீட்டுக்குப் போயிடும்"னுது.

கால் வெக்காதன்னு சொன்னது நான். இப்ப வான்னு சொல்றதும் நான்தான்.

கெத்தி


புவாந்தாபீத்ர்
22 மார்ச்

அக்கா,

பழைய கரி மூடிய பீப்பாயில் காத்திருக்கும். பிறகு கப்பலில் போய், வெகு சூடான உலையில் எரியும். அப்போதுதான் விஷம் உடையும். கரி அதை அழிப்பதில்லை. நாம் ஒரு வழி செய்யும்வரை விடாமல் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவே.

நடுக்குழாய் சீசாவைப் பார்த்தேன். சுத்தம்.

வருகிறேன் என்று எழுதிப் பார்த்தேன். இந்தத் தாளிலேயே அடித்திருக்கிறேன், பார்த்திருப்பாய். ஊற்றுக்கு முன்னால் அத்தனை பேர் உட்கார்ந்திருக்க, பேருந்திலிருந்து இறங்குவதை நினைத்ததும் அடித்துவிட்டேன். பெரியம்மா சொன்னது சரிதான். கீழ் நிறுத்தத்தைத்தான் நினைத்திருந்தேன்.

பிரசவத்தின்போது தொப்புள்கொடி ரத்தத்தில் கொஞ்சம் எடுக்க அனுமதி கேட்பார்கள். குழந்தைக்கு வலிக்காது. கொடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கேட்கிறேன்.

முரியேல்


ஃபோன்-கக்காவோ
23 மே

முரியேல்,

பொண்ணு. பேரு சோலேன். போன திங்கக்கிழம. கத்தின கத்துல நர்சு, "இவ கட்சித் தலைவி ஆவா"ன்னா. விரல் எல்லாம் இருக்கு. எண்ணிப் பாத்தேன், ஃபிர்மேன் எண்ணினாரு, பெரியம்மாவும் எண்ணுச்சு. நீ வந்து எண்ணினாதான் கணக்கு முடியும்.

ரத்தம் எடுத்துகிட்டாங்க. எடுக்கட்டும்னேன். எனக்கு நம்பர் வேணாம். இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. தாய்ப்பால் குடுக்கச் சொல்லி டாக்டர் சொன்னாரு. குடுக்கறேன். உனக்கும் சரின்னு படுதான்னு எழுது.

இன்னொரு விஷயம் இருக்கு. தொப்புள்கொடி காஞ்சு விழுந்திடுச்சு. என் கொடியப் பொதச்ச எடத்துல பலாமரம் நிக்குது, உன் கொடிக்கு மேல தென்ன நிக்குது. இவளுக்கு எங்க பொதைக்கிறது? நம்ம நெலம் முழுக்க அப்பா குவளையோட நடந்த மண்ணு. முன்னன்னா யோசிச்சிருக்க மாட்டேன், வாசல்ல ஒரு குழி வெட்டியிருப்பேன். இப்ப மம்பட்டிய எடுக்கறேன், வெக்கறேன். ஃபிர்மேன், "மண்ணு மண்ணுதான"ங்கிறாரு, ஆனா அவரும் வெட்டல. கொடிய உப்புல போட்டு சின்ன டப்பால வெச்சிருக்கேன்.

ஒரு மரம்கூட இல்லாம எத்தன நாளு இவள வெச்சிருக்கிறது? எங்க வெக்கணும்னு நீ சொல்லு.

கெத்தி


புவாந்தாபீத்ர்
10 ஜூன்

அன்புள்ள அக்கா,

இருக்கிறது.

நீ கேட்டபடி எண்ணை எழுதவில்லை. குறைவுதான் என்று மட்டும் சொல்லலாம். என் ரத்தத்தையும் கொடுத்துப் பார்த்தேன். என்னிடமும் இருக்கிறது, சோலேனிடம் இருப்பதைவிட அதிகமாக. இந்தத் தீவில் இந்த விஷம் இல்லாத ஆளைத்தான் தேட வேண்டும். முடிவு வந்த தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் ஊற்றில் குனிந்து வாயை வைத்துக் குடிப்பேனே, அந்தச் சில்லிப்புதான் நினைவுக்கு வந்தது. அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.

பால் கொடு. டாக்டர் சொன்னது சரி. நீ இப்போது குடிப்பது சுத்தமான தண்ணீர். உன் உடம்பு தள்ளிக்கொண்டிருக்கும், அவள் உடம்பும் தள்ளும். உடம்பால் முடியும் என்று எழுதினேனே, அதை நானும் நம்பித்தான் எழுதினேன்.

மண்ணைப் பற்றி யோசித்தேன். நம் நிலத்தில் சுத்தமான இடம் இருக்கிறதா என்று தெரியாது. இல்லாமலும் போகலாம். அப்படி இல்லையென்றால் அவளை மரமில்லாமல் விட முடியாது. குழியை அகலமாக வெட்டலாம். அடியிலும் சுற்றிலும் புதுக்கரியைப் பரப்பி, அதற்குமேல் மண்ணைப் போட்டு, கொடியை வைத்து நடலாம். மண்ணில் இருப்பதைக் கரி பிடித்துக்கொள்ளும், வேருக்கு எளிதில் விடாது. எத்தனை வருடம் பிடிக்கும் என்று என் ஆய்வு இன்னும் சொல்லவில்லை. நிரம்பிவிட்டதா என்று நான் வந்து வந்து பார்ப்பேன்.

கரியை அல்போன் அண்ணனிடம் கொடுத்தனுப்பலாம் என்று மூட்டையோடு நிலையத்துக்குப் போனேன். தூக்கி மேலே போடப் போனவர் நிறுத்தி, "கரி போகுது, கடுதாசி போகுது, சீசா வருது. நீ எப்பம்மா வருவே?" என்றார். சுற்றிலும் ஆட்கள். மூட்டையை வாங்கிக்கொண்டு அறைக்குத் திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் நானே கொண்டுவருகிறேன். சீட்டு வாங்கிவிட்டேன். வந்து நீ என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்லமாட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

எங்கே இறக்கிவிட வேண்டும் என்று அல்போன் அண்ணன் கேட்டார். ஊற்றுக்கு எதிரே என்று சொல்லியிருக்கிறேன்.

முரியேல்